மூக்கு வழி அறுவைச் சிகிச்சை: எந்த மயக்க முறை யாருக்குப் பொருந்தும்?

சுங்கை ஆயர் தாவார், சபாக் பெர்ணம், சுங்கை பெசார், தஞ்சோங் காராங், கோலசிலாங்கூர் என்று நீளும் வட சிலாங்கூர் வட்டாரத்தில் மூக்கடைப்பு புதிய தொல்லையன்று. செம்பனைத் தோட்டமாக இருந்தாலும் நெல்வயலாக இருந்தாலும் தூசியும் புகையும் மூக்கைச் சும்மா விடுவதில்லை. 2005 ஆகஸ்டு 11-ஆம் தேதி, புகைமூட்டத்தால் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டியபோது, கோலசிலாங்கூரிலும் போர்ட் கிள்ளானிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டதை இவ்வட்டாரத்தார் மறந்திருக்க மாட்டார்கள். தலைவலி, கன்னத்தில் கனம், மணம் தெரியாமை, தொண்டைக்குள் இறங்கும் சளி ஆகிய எல்லாவற்றுக்கும் "பீனிசம்" என்று ஒரே பெயரைச் சொல்லி, ஆவி பிடித்தும் கோடாலித் தைலம் தடவியும் ஆண்டுக்கணக்கில் காலம் கடத்துபவர்கள் நம்மிடையே பலர்.

இவர்களில் பெரும்பாலோருக்கு உப்புநீரால் மூக்கைக் கழுவுவதும், மருத்துவர் தரும் மூக்குத் தெளிப்பானும், மாத்திரையும் போதும். மருந்துக்கு அடங்காத சைனஸ் அழற்சி, மூக்கினுள் திராட்சைக் கொத்துபோல வளரும் சதை, பூஞ்சைக் கட்டி போன்றவற்றுக்குத்தான் அறுவை தேவைப்படுகிறது. மூளையின் அடியில் தோன்றும் சில கட்டிகளையும் இன்று இதே மூக்கு வழியாகவே எடுக்கிறார்கள்.

அறுவை என்று மருத்துவர் சொன்னதும் தோட்டப்புற மக்கள் கேட்கும் முதல் கேள்வி அறுவையைப் பற்றியதன்று. "மயக்க மருந்து கொடுத்தால் திரும்பக் கண் விழிப்பேனா?" என்பதுதான். இந்த அச்சத்தால் தேதி கொடுத்தும் போகாமல் இருந்துவிடுகிறவர்கள் உண்டு. தள்ளிப்போட்ட சைனஸ் நோய் எல்லா வேளையிலும் மூக்கோடு நின்றுவிடுவதில்லை. சீழ் கண்குழிக்குப் பரவினால் பார்வைக்கே ஆபத்து. மூளையுறைக்குப் பரவினால் உயிருக்கே ஆபத்து.

ஆகவே அச்சத்தைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. இந்த அறுவையில் மயக்க மருந்து வலியை மறைப்பதற்கு மட்டும் கொடுக்கப்படுவதில்லை. அறுவை மருத்துவரின் கண்ணுக்கு எவ்வளவு தெரிய வேண்டும் என்பதையும் அதுவே பெருமளவு முடிவு செய்கிறது. இதற்கு மூன்று முறைகள் உள்ளன. எல்லாருக்கும் பொருந்தும் ஒரே முறை என்று எதுவும் இல்லை. யாருக்கு எது பொருந்தும் என்பது, நோயாளி தம்மைப் பற்றிச் சொல்லும் உண்மைகளையும் பொறுத்தது.

மூக்கினுள் என்ன இருக்கிறது?

முகத்தின் எலும்புகளுக்குள் நான்கு இணைக் காற்றறைகள் உள்ளன. நெற்றியில் ஓரிணை, கன்னங்களில் ஓரிணை, இரு கண்களுக்கும் நடுவே தேனடைபோலச் சிறுசிறு அறைகளாக ஓரிணை, மூக்கின் பின்கோடியில் ஓரிணை. இவற்றைத்தான் சைனஸ் என்கிறோம். இவற்றின் வாசல்கள் மூக்கினுள் திறக்கின்றன. வாசல் அடைபட்டால் சளி தேங்குகிறது, கிருமி பெருகுகிறது.

முன்பெல்லாம் மேலுதட்டின் உட்புறத்தைக் கீறியோ முகத்தைக் கீறியோதான் இந்த அறைகளை அடைய முடிந்தது. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் மருத்துவர் வால்டர் மெசர்கிளிங்கர் 1970-களில் செய்த ஆய்வுகள் இதை மாற்றின. அடைபட்ட இயற்கை வாசலைத் திறந்துவிட்டால் அறை தானே குணமாகும் என்று அவர் காட்டினார். இன்று பெரியவர்களுக்கு ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள எண்டோஸ்கோப் குழாயை மூக்குத் துளைக்குள் செலுத்தி, திரையில் படத்தைப் பார்த்தபடியே அறுவை செய்கிறார்கள். வெளியே தழும்பு இல்லை.

ஆனால் இடம் மிகக் குறுகியது. கண்ணுக்கும் சைனஸ் அறைக்கும் நடுவே உள்ள எலும்புக்கு மருத்துவ நூல்களில் "காகிதத் தகடு" என்றே பெயர். மேலே மூளையைப் பிரிக்கும் எலும்பு, சில இடங்களில் முட்டை ஓட்டைவிட மெல்லியது. பின்கோடி அறையின் சுவரையொட்டி, மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெருந்தமனியும் பார்வை நரம்பும் செல்கின்றன. எது எலும்பு, எது சதை, எது நரம்பு என்று பிரித்தறிய முடியாவிட்டால் கத்தி போகக்கூடாத இடத்துக்குப் போய்விடும்.

ஒரு சொட்டு இரத்தம் போதும்

வயிற்று அறுவையில் ஐம்பது மில்லிலிட்டர் இரத்தம் கசிந்தால் அது பெரிய செய்தியாகாது. மூக்கினுள் ஒரே ஒரு சொட்டு எண்டோஸ்கோப்பின் முனையில் ஒட்டினாலும் திரை முழுவதும் சிவந்துவிடும். மருத்துவர் குழாயை வெளியே எடுத்துத் துடைத்து மறுபடி உள்ளே விட வேண்டும். இது திரும்பத் திரும்ப நடந்தால் நேரம் நீளும், தவறு நேரும் வாய்ப்பு கூடும், சில வேளைகளில் அறுவையைப் பாதியில் நிறுத்தவும் நேரிடும்.

அதனால்தான் இந்த அறுவையில் எவ்வளவு இரத்தம் போனது என்பதைவிட, களம் எவ்வளவு தெளிவாக இருந்தது என்பதை முக்கியமாகக் கணிக்கிறார்கள். தென்னாப்பிரிக்க மருத்துவர் போசார்ட்டும் அவருடைய குழுவினரும் 1995-இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கென்று 0 முதல் 5 வரை ஓர் அளவுகோலை வகுத்தனர். 0 என்றால் இரத்தக்கசிவே இல்லை. 5 என்றால் உறிஞ்சும் வேகத்தைவிட இரத்தம் வேகமாக வருகிறது, அறுவையைத் தொடர முடியாது. மயக்க முறைகளை ஒப்பிடும் ஆய்வுகள் இன்றும் பெரும்பாலும் இந்த அளவுகோலைத்தான் கையாளுகின்றன.

முதல் முறை: மரப்பு மருந்து மட்டும்

நெடுங்காலமாக வழக்கில் உள்ள முறை இது. வியன்னாவில் கார்ல் கொல்லர் 1884-இல் கொக்கேயினைக் கண்ணில் விட்டு வலி தெரியாமல் அறுவை செய்யலாம் என்று காட்டினார். அடுத்து அது மூக்குக்கும் வந்தது. இன்று பெரும்பாலும் லிக்னோகேயினும் அட்ரினலினும் பயன்படுகின்றன. மருந்தில் நனைத்த பஞ்சுத் துணியை மூக்கினுள் வைத்து, பிறகு ஊசியும் போடுவார்கள். லிக்னோகேயின் உணர்ச்சியை மரக்கச் செய்யும். அட்ரினலின் இரத்தக்குழாய்களைச் சுருக்கும். கூடவே பதற்றம் தணிய இலேசான உறக்க மருந்தும் கொடுப்பதுண்டு.

இதன் நன்மைகள் சிறியனவல்ல. இரத்தக்கசிவு குறைவு, செலவு குறைவு, நோயாளி விரைவில் எழுந்து நடக்கலாம். கருவி கண்குழியையோ மூளையடி எலும்பையோ நெருங்கினால் நோயாளியே "வலிக்கிறது" என்று எச்சரித்துவிடுவார். இதய நோயாலோ நுரையீரல் நோயாலோ முழு மயக்கத்தைத் தாங்க முடியாதவர்களுக்கு இது ஒரு நல்ல வழி.

குறைகளும் உள்ளன. வழியும் இரத்தமும் கழுவும் நீரும் தொண்டைக்குள் இறங்கும். மூச்சுக்குழாய்க்குப் பாதுகாப்பு கிடையாது. பயத்தால் இரத்த அழுத்தம் ஏறினால் இரத்தக்கசிவும் ஏறும். பயத்தை அடக்க உறக்க மருந்தைக் கூட்டிக்கொண்டே போனால், பாதி உறக்கத்தில் மூச்சு தடைபடலாம். சிறிய சதையை அகற்றுவது, ஒரு வாசலைத் திறப்பது போன்ற குறுகிய வேலைக்கு இது பொருந்தும். இரண்டு மூன்று மணி நேர அறுவைக்கும், குழந்தைகளுக்கும், மூளையடி அறுவைக்கும் பொருந்தாது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மற்ற இரண்டு முறைகளிலும் மூக்கினுள் அட்ரினலின் பஞ்சு வைக்கப்படும். ஆகவே முதல் முறை தனித்து நிற்பதுண்டு, மற்றவற்றுக்குத் துணையாகவும் வருவதுண்டு.

இரண்டாம் முறை: வாயு மயக்கம்

ஊசியால் உறங்கவைத்த பின், செவோஃபுளுரேன், ஐசோஃபுளுரேன், டெஸ்ஃபுளுரேன் போன்ற மருந்துகளில் ஒன்றைச் சுவாசக்காற்றோடு கலந்து கொடுத்து மயக்கத்தைத் தொடர்வது இரண்டாம் முறை. தொண்டை வழியாக மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாய் வைக்கப்படும். உலகெங்கும் மயக்க மருத்துவர்களுக்கு மிகவும் பழகிய முறை இது. நோயாளி வெளிவிடும் மூச்சில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்பதை இயந்திரம் ஒவ்வொரு மூச்சுக்கும் காட்டிக்கொண்டே இருக்கும். மயக்கம் போதுமா, கூடிவிட்டதா என்று கணிக்க இது பெரிய வசதி. ஊசிக்கு அழும் குழந்தையைக்கூட முகமூடி வழியாகவே உறங்கவைத்துவிடலாம்.

குறை எங்கே என்றால், இந்த வாயு மருந்துகள் இரத்தக்குழாய்களை விரியச் செய்கின்றன. குழாய் விரிந்து அழுத்தம் இறங்கும்போது, இதயம் அதை ஈடுகட்ட வேகமாகத் துடிக்கக்கூடும். விரிந்த குழாய்களும் வேகமான துடிப்பும் சேர்ந்தால் மூக்கின் மெல்லிய சவ்வில் இரத்தம் ஊறிக்கொண்டே இருக்கும். கண் விழித்த பின் குமட்டலும் வாந்தியும் இம்முறையில் சற்று அதிகம். மூக்கறுவைக்குப் பின் வாந்தி எடுப்பது மறுபடியும் இரத்தக்கசிவை வரவழைக்கும்.

மூன்றாம் முறை: ஊசி வழி முழு மயக்கம்

வாயு மருந்தே இல்லாமல், கையில் ஏற்றிய ஊசி வழியாக மட்டும் மருந்துகளைச் செலுத்தி முழு மயக்கத்தில் வைப்பது மூன்றாம் முறை. 1986-இல் பயன்பாட்டுக்கு வந்த புரோபோஃபோல், 1996-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற ரெமிஃபென்டானில் ஆகிய இரண்டும்தான் பெரும்பாலும் இதற்குப் பயன்படுகின்றன. புரோபோஃபோல் பால்போல வெண்மையானது. ஏறும்போது கையில் சற்று எரிச்சல் தெரியும், அது இயல்பானதே. நோயாளியின் வயது, எடை, உயரம் ஆகியவற்றைக் கணக்கிட்டு, நிமிடத்துக்கு எவ்வளவு மருந்து போக வேண்டும் என்பதைக் கணினி பொருத்திய பம்பு முடிவு செய்யும்.

ரெமிஃபென்டானில் இதயத்துடிப்பை மெதுவாக்குகிறது. துடிப்பு நிதானமாக இருந்தால் மூக்குச் சவ்வுக்குப் பாயும் இரத்தமும் நிதானப்படும், களம் தெளிவாகும். இந்த மருந்து உடலில் சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடுவதால், பம்பை நிறுத்தியதும் நோயாளி தெளிவாகக் கண் விழிப்பார். குமட்டலும் குறைவு.

இம்முறைக்கும் விலை உண்டு. உடலுக்குள் மருந்து எவ்வளவு இருக்கிறது என்பதை வாயு முறையில் அளப்பதுபோல நேரடியாக அளக்க முடியாது. பம்பு காட்டுவது கணக்கு மட்டுமே. ஊசி நழுவி மருந்து தோலுக்கடியில் தங்கிவிட்டால், தசைத் தளர்ச்சி மருந்தால் அசைய முடியாத நோயாளி உள்ளே விழித்துக்கொள்ளும் அபாயம் உண்டு. ஆகவே ஊசி ஏறிய கை மருத்துவரின் பார்வையிலேயே இருக்க வேண்டும். நெற்றியில் ஒட்டும் பட்டையால் மூளையின் மின்னலைகளைக் கணிக்கும் கருவியும் வேண்டும். ரெமிஃபென்டானில் விரைவில் தீர்ந்துவிடுவதால், வேறொரு வலி மருந்தை முன்கூட்டியே கொடுத்திருக்கவும் வேண்டும்.

"பாதியில் விழித்துக்கொண்டால்?" என்ற அச்சம் இயற்கையானது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்த பெரிய ஆய்வு 2014-இல் வெளிவந்தது. அதன்படி, அறுவையின்போது விழிப்பிருந்ததாகத் தாமே முன்வந்து சொன்னவர்கள் ஏறத்தாழ 19,000 முழு மயக்கங்களுக்கு ஒருவர். தசைத் தளர்ச்சி மருந்து கொடுக்கப்பட்டவர்களிடையே 8,000-க்கு ஒருவர். அது கொடுக்கப்படாதவர்களிடையே 1,36,000-க்கு ஒருவர். அபாயம் அரிது, ஆனால் இல்லாத ஒன்றன்று. கருவி வைத்துக் கண்காணிப்பது அதனால்தான்.

ஆய்வுகள் சொல்வது என்ன?

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் பேராசிரியர் பீட்டர் ஜான் வோர்மால்டின் குழுவினர், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வாயு மயக்கமும் மற்றதற்கு ஊசி வழி மயக்கமும் கொடுத்து ஒப்பிட்டனர். 2005-இல் வெளியான அந்த ஆய்வில் ஊசி வழி மயக்கம் பெற்றவர்களின் களம் தெளிவாக இருந்தது. அதன்பின் வந்த பல ஆய்வுகளும் இதே பக்கம் சாய்ந்தன.

ஆனால் 2016-இல் காக்ரேன் அமைப்பு பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது சற்று நிதானமான முடிவே கிடைத்தது. புரோபோஃபோல் களத்தைத் தெளிவாக்குகிறது என்பது சரி. அந்த முன்னேற்றம் 0 முதல் 5 வரையிலான அளவுகோலில் ஒரு படிக்கும் குறைவு. மொத்த இரத்த இழப்பிலோ அறுவை நேரத்திலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆய்வுகளின் தரமும் உயர்ந்ததாக இல்லை என்று அந்த அறிக்கை குறிப்பிட்டது.

இதை எப்படிப் புரிந்துகொள்வது? சிறிய சைனஸ் அறுவைக்கு, கைதேர்ந்த மருத்துவர் வாயு மயக்கம் கொடுத்தால் நோயாளிக்குப் பெரிய நட்டம் எதுவும் இல்லை. நோய் பரவியிருக்கும்போது, சதை நிறைந்திருக்கும்போது, இரண்டாம் முறையாக அறுவை செய்யும்போது, மூளையடியை நெருங்கும்போது அந்த அரைப் படித் தெளிவும் அருமையானது. அங்கேதான் ஊசி வழி மயக்கத்துக்கு முதலிடம்.

அழுத்தத்தைக் குறைப்பதில் எல்லை உண்டு

இரத்த அழுத்தத்தை இறக்கினால் கசிவு குறையும் என்பது எளிய கணக்கு. ஆனால் எப்படி இறக்குகிறோம் என்பதும் முக்கியம். மேலே சொன்ன 1995 ஆய்விலேயே இரு மருந்துகள் ஒப்பிடப்பட்டன. இரத்தக்குழாயை விரித்து அழுத்தத்தை இறக்கும் நைட்ரோபுருசைடு ஒன்று, இதயத்துடிப்பை மெதுவாக்கும் எஸ்மோலால் மற்றொன்று. எஸ்மோலால் கொடுத்தபோது அழுத்தம் அதிகம் இறங்காமலே களம் தெளிவாகிவிட்டது. அழுத்தத்தை வலிந்து இறக்குவதைவிட இதயத்தை நிதானப்படுத்துவது மேல் என்ற பாடம் இதிலிருந்து கிடைத்தது.

அளவுக்கு மீறி அழுத்தத்தை இறக்கினால் மூளைக்கும் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் இரத்தம் போதாமல் போகும். பல ஆண்டுகள் உயர் இரத்த அழுத்தத்தோடு வாழ்ந்தவரின் மூளை, உயர்ந்த அழுத்தத்துக்கே பழகிப்போயிருக்கும். பக்கவாதம் வந்தவர், இதயக் குழாயில் அடைப்புள்ளவர், இனிப்பு நீரால் சிறுநீரகம் பழுதடைந்தவர் ஆகியோருக்கும் தாழ்ந்த அழுத்தம் ஒத்துக்கொள்ளாது. இப்படிப்பட்டவர்களுக்கு, களம் சற்று மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை என்று அழுத்தத்தைக் காப்பாற்றுவதே முறை.

ஆபத்தில்லாத சிறு உதவிகளும் உள்ளன. மேசையின் தலைப்பக்கத்தை ஏறத்தாழ 15 பாகை உயர்த்தினாலே முகத்தில் தேங்கும் இரத்தம் வடிந்து களம் தெளிகிறது. சதை வளர்ச்சி உள்ளவர்களுக்கு அறுவைக்கு முன்பே சில நாள் ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பார்கள். இரத்தம் உறைவதற்கு உதவும் டிரானெக்சாமிக் அமிலமும் பொருத்தமானவர்களுக்குத் தரப்படும்.

மூளையடி அறுவையில் கூடுதல் கவனம்

மூக்கின் பின்கோடி அறைக்கு நேர் மேலே பட்டாணி அளவில் தொங்குவது பிட்யூட்டரி சுரப்பி. அதில் கட்டி வளர்ந்தால் பார்வை நரம்பை அழுத்தும். பக்கவாட்டுப் பார்வை மெல்ல மறையும். மண்டையைத் திறக்காமலே மூக்கு வழியாக இக்கட்டியை எடுக்க, காது மூக்கு தொண்டை மருத்துவரும் மூளை அறுவை மருத்துவரும் இணைந்து வேலை செய்கிறார்கள். நம் நாட்டில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் இத்துறையில் பெயர் பெற்றவர்கள். பேராசிரியர் விக்னேஸ் வாரன் உள்ளிட்ட குழுவினர், நோயுள்ள மண்டையோட்டை முப்பரிமாண அச்சில் வார்த்து இளம் மருத்துவர்களைப் பயிற்றும் முறையை விளக்கிய கட்டுரை 2015-இல் வெளியானது.

இங்கே மயக்க மருத்துவரின் பொறுப்பு இரட்டிப்பாகிறது. நோயாளி இம்மியும் அசையக் கூடாது. மூளை வீங்கக் கூடாது. நரம்புகள் பழுதின்றி இருக்கின்றனவா என்று மின்குறிகளால் சோதிப்பதும் உண்டு. வாயு மருந்துகள் அந்தக் குறிகளை மங்கச் செய்யும். இக்காரணங்களால் ஊசி வழி மயக்கமே இங்கு பெரிதும் விரும்பப்படுகிறது. ஒவ்வொரு துடிப்பின் அழுத்தத்தையும் அறிய மணிக்கட்டுத் தமனியிலும் ஒரு குழாய் ஏற்றப்படலாம்.

பிட்யூட்டரி கட்டியால் கைகால்களும் தாடையும் பெருத்தவர்களுக்கு நாக்கும் பெருத்திருக்கும். மூச்சுக்குழாய்க்குள் குழாய் வைப்பது கடினமாகலாம். இதை மயக்க மருத்துவர் முன்பே பார்த்துத் திட்டமிட்டிருக்க வேண்டும்.

கண் விழிக்கும் நேரம்

அறுவை முடிந்துவிட்டது என்றதும் வேலை முடிந்துவிடுவதில்லை. தொண்டையிலுள்ள குழாயை எடுக்கும்போது நோயாளி பலமாக இருமினால் தலையில் அழுத்தம் ஏறி, அடங்கியிருந்த இரத்தம் மறுபடியும் கசியும். மூளையடி அறுவையில் மூளைநீர்க் கசிவை மூடிய ஒட்டே பெயர்ந்துவிடலாம். ரெமிஃபென்டானிலைச் சிறிய அளவில் விட்டுவைத்து இருமலின்றி எழுப்புவது ஊசி வழி முறையின் இன்னொரு சிறப்பு. மூளையடி அறுவைக்குப் பின் முகமூடி வைத்துக் காற்றை அழுத்திச் செலுத்துவதையும் தவிர்ப்பார்கள். அந்தக் காற்று மண்டைக்குள் புகுந்துவிடும்.

இரத்தம் வயிற்றுக்குள் போகாதிருக்கத் தொண்டையில் துணி வைப்பதுண்டு. அதை எடுக்க மறந்தால் மூச்சே நின்றுவிடும். பிரிட்டனில் 2009-இல் இதற்கென்றே எச்சரிக்கை அறிவிப்பு வெளியிடப்பட்டது. வைத்ததையும் எடுத்ததையும் எண்ணி, எழுதி, உரக்கச் சொல்வது நல்ல வழக்கம். உலகச் சுகாதார நிறுவனம் 2008-இல் அறிமுகப்படுத்திய அறுவைப் பாதுகாப்புப் பட்டியலிலும் துணிகளை எண்ணிச் சரிபார்ப்பது இடம்பெற்றுள்ளது.

நோயாளி ஒன்றை முன்பே அறிந்திருக்க வேண்டும். விழிக்கும்போது மூக்கில் அடைப்பு வைத்திருக்கலாம். வாயால்தான் மூச்சு விட வேண்டியிருக்கும். இது தெரியாமல் விழிப்பவர் மூச்சு முட்டுகிறது என்று பதறுவார். தெரிந்தவர் அமைதியாக இருப்பார்.

மறைக்கக் கூடாதவை

அறுவைக்கு முன் மயக்க மருத்துவர் நோயாளியைச் சந்திப்பார். எந்த மருத்துவமனையிலும் நடக்கக்கூடிய உரையாடல் இது:

"ஐயா, ராத்திரி குறட்டை விடுவீங்களா?"

"எனக்கு எங்க டாக்டர் தெரியும்? இவளைத்தான் கேக்கணும்."

"விடுவாரு டாக்டர். நடுவுல மூச்சே நின்னுபோன மாதிரி இருக்கும்."

"தண்ணி போடுவீங்களா ஐயா?"

"எப்பவாவது..."

"தினமும் டாக்டர்," என்கிறார் மனைவி.

சிரிப்பு வரலாம். ஆனால் அந்த அம்மாள் சொன்ன இரண்டு பதில்கள் மயக்கத் திட்டத்தையே மாற்றக்கூடியவை. உறக்கத்தில் மூச்சு நிற்பவருக்கு மூக்கை அடைத்த பின் முதல் இரவு ஆபத்தானது. அவரை வார்டில் கூடுதல் கண்காணிப்பில் வைக்க வேண்டும். அன்றாடம் குடிப்பவருக்கு மருந்தின் அளவு வேறுபடும். கல்லீரல் பழுதால் இரத்தம் உறையாமல் போகலாம். திடீரென்று குடி நின்றதும் நடுக்கமும் குழப்பமும் வரலாம். மருத்துவர் கேட்பது குற்றம் சாட்டுவதற்கன்று.

குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தின்போது கடுங்காய்ச்சலோ தசை இறுக்கமோ வந்திருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். வாயு மருந்துகளால் தூண்டப்படும் ஓர் அரிய பரம்பரைக் கோளாறு உண்டு. அத்தகையவருக்கு ஊசி வழி மயக்கமே பாதுகாப்பு. அதுபோல, சக்சமெத்தோனியம் என்ற தசைத் தளர்ச்சி மருந்தைச் சிதைக்கும் நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கும். சில நிமிடங்களில் திரும்ப வேண்டிய மூச்சு, மணிக்கணக்கில் திரும்பாது. கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்குபெற்று 2006-இல் வெளியான ஆய்வு, வைசிய சமூகத்தாரிடையே இதற்கான மரபணு மாற்றத்தைக் கண்டறிந்தது. "அப்பாவுக்கு அறுவைக்குப் பிறகு ரொம்ப நேரம் மூச்சு வரவில்லை" என்ற ஒரு வரித் தகவல் ஓர் உயிரைக் காக்கும்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற இரத்தத்தை இளக்கும் மருந்துகளைத் தாமாக நிறுத்துவதும் தவறு, சொல்லாமல் சாப்பிட்டுக்கொண்டே வருவதும் தவறு. இரத்த அழுத்தம், இனிப்பு நீர் மாத்திரைகளில் எதை அன்று காலை சாப்பிடலாம், எதை நிறுத்த வேண்டும் என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். எடை குறைக்கவும் இனிப்பு நீருக்கும் வாரம் ஒருமுறை போடும் ஊசி வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். அதையும் சொல்ல வேண்டும். பூண்டு மாத்திரை, மீன் எண்ணெய், நாட்டு மருந்து எதுவானாலும் மறைக்கத் தேவையில்லை.

பட்டினி விதியில் ஏமாறுபவர்கள் அதிகம். திட உணவு ஆறு மணி நேரத்துக்கு முன்பும், வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்கு முன்பும் நிற்க வேண்டும் என்பது பொதுவான விதி. மருத்துவமனை வேறு நேரம் சொன்னால் அதையே பின்பற்ற வேண்டும். தே தாரிக்கும் மைலோவும் தண்ணீர்க் கணக்கில் சேரா. பால் கலந்ததெல்லாம் உணவுதான்.

தொலைவும் ஒரு காரணம்

சுங்கை ஆயர் தாவாரில் இருப்பவர் உள்ளூர் அரசாங்கக் கிளினிக்கிலோ சபாக் பெர்ணம் தெங்கு அம்புவான் ஜெமாஆ மருத்துவமனையிலோ சிகிச்சையைத் தொடங்கலாம். பெரிய மூக்கறுவைக்கோ கிள்ளான், சுங்கை பூலோ, கோலாலம்பூர் மருத்துவமனைகளை நாட வேண்டியிருக்கும். சுங்கை பூலோ, கோலாலம்பூருக்கெல்லாம் நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம். சைனஸ் அறுவை முடிந்தவர்களை அன்றே வீட்டுக்கு அனுப்புவதும் உண்டு. பக்கத்தில் இருப்பவருக்கு அது வசதி. இரவில் மூக்கிலிருந்து இரத்தம் கொட்டினால் தொலைதூரத் தோட்டத்திலிருந்து எப்படித் திரும்புவது? வீடு தொலைவில் உள்ளது என்பதையும், இரவில் வாகனம் கிடைக்குமா என்பதையும் மருத்துவரிடம் சொன்னால், ஓர் இரவு வார்டில் தங்க ஏற்பாடு செய்ய முடியுமா என்று பார்ப்பார்கள். மயக்க மருந்து பெற்றவர் அன்று தனியாகப் பயணம் செய்யவோ மோட்டார் சைக்கிள் ஓட்டவோ கூடாது.

மருத்துவரைச் சந்திக்கும் நாளில் மாத்திரை உறைகளையும், முன்பு செய்த அறுவையின் தாள்களையும், குறட்டைக்குச் சாட்சி சொல்லக்கூடிய ஒருவரையும் அழைத்துப்போவது நல்லது. கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. எனக்கு எந்த மயக்க முறை, ஏன்? என் இரத்த அழுத்தத்தை எவ்வளவு இறக்குவீர்கள், அது எனக்குத் தாங்குமா? விழிக்கும்போது மூக்கில் அடைப்பு இருக்குமா? அன்றிரவு நான் எங்கே இருப்பேன்?

நல்ல மருத்துவர் இக்கேள்விகளுக்குச் சலித்துக்கொள்ள மாட்டார். பதிலைக் கேட்டுத் தெளிந்து, கொடுத்த தேதியில் போய்ச் சேருபவரே தம் கண்ணையும் மூளையையும் காத்துக்கொள்பவர்.